எட்டாவது மோப்பப் பெட்டி

கழிவுநீர் ஏற்று நிலையத்தின் சல்லடைக் குழிக்குள் உயிரோடு இறங்கிய ஒருவன் பிணமாக வெளியே எடுக்கப்பட்ட பதினோராம் மாதத்தில் வாரியம் விழித்துக்கொண்டது. விழித்துக்கொண்டதற்கு அடையாளமாக எட்டு வாயு உணர்கருவிகள் தருவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு டப்பா அளவில், மஞ்சள் நிறத்தில், வயிற்றில் பொடித் துளைகளும் நெற்றியில் ஒரு பச்சை விளக்கும் ஒரு சிவப்பு விளக்குமாக இருந்தது. ஆபத்தில்லாதபோது பச்சை எரியும்; நச்சுவாயு அண்டினால் சிவப்பு எரியும். ஊரைக் கூட்டும் அளவுக்கு அலறும். தொழிலாளர்கள் அதற்கு மோப்பப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். வாரியத்தின் கோப்புகளிலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயரை முழுமையாக உச்சரித்து முடிப்பதற்குள் குழியில் இறங்கியவன் இரண்டு முறை செத்துவிடலாம்.

பெட்டிகள் வந்தவுடனே மாட்டப்பட்டிருக்கும் என்று எண்ணுகிறவர் வாரியத்தை அறியாதவர். விலையுயர்ந்த பொருள்களாகையால் அவை ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. அந்த அலமாரியின் சாவி மற்றோர் அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. அதன்பின், எட்டுப் பெட்டிகளையும் எங்கெங்கே பொருத்துவது என்பதை ஆராய்வதற்காக அமைவிடத் தேர்வுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவில் ஒரு தலைவர், ஒரு பாதுகாப்பு அதிகாரி, ஒரு நிர்வாக அதிகாரி அம்மையார் ஆகிய மூவர் இருந்தனர். இவர்களுள் எவரும் சல்லடைக் குழியைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்கு ஒருதலைப்பட்சமான கருத்து உண்டாகிவிடும் என்று குழு அஞ்சியது.

ஆயினும், கீழ்நிலை ஊழியர் ஒருவரும் குழுவில் அமர வேண்டும் என்று எங்கோ ஒரு விதி இருந்தது. அதனால் பம்புக்காரருக்கு ஓலை வந்தது.

பம்புக்காரர் பத்தொன்பது ஆண்டுகளாக அந்நிலையத்தில் பம்பு ஓட்டுகிறவர். ஊரார் கழுவி ஊற்றுவதெல்லாம் சல்லடைக் குழிக்கு வந்து சேரும். அதனோடு வரும் கந்தல், நெகிழிப்பை, முடிக்கற்றை ஆகியவை இரும்புக் கம்பிகளில் சிக்கும். அவற்றை நாள்தோறும் ஓர் ஆள் இருபத்திரண்டு படி ஏணியில் இறங்கி வாரி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பம்பு மூச்சடைத்து நின்றுவிடும். முன்பு அவ்வாறு இறங்கிக்கொண்டிருந்தவனை எல்லோரும் நெட்டை என்று அழைத்தனர். செத்தவன் அவன்தான். அவனுக்குப் பிறகு குப்பை வாரும் கோலைக் கையில் வாங்கியவன் பம்புக்காரருடைய மனைவியின் ஒரே தம்பி. வேலையின்றித் திரிந்தவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அந்த இடத்தில் சேர்த்தவரும் பம்புக்காரரே. ஆகவே தினமும் காலையில் மைத்துனன் குழிக்குள் இறங்கும்போது பம்புக்காரர் விளிம்பில் வந்து நிற்பார். அவன் தலை மறுபடி தெரியும் வரையில் அவர் வேறெதையும் பார்ப்பதில்லை.

குழுவிலிருந்து அழைப்பு வந்த நாளன்று மாலை, வீட்டில் அவரும் மனைவியும் மைத்துனனும் உண்டுகொண்டிருந்தனர்.

"எட்டுப் பெட்டி வந்திருக்காமே," என்றாள் மனைவி. "அதுல ஒண்ணு எந்தம்பிக்கு வைக்கச் சொல்ல உங்க வாய்க்கு முடியாதா? வீட்டுல மட்டும் நல்லா பேசறீங்க."

"பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க. பேசறேன்."

"எதுக்குக்கா மாமாவைப் போட்டுப் படுத்தற?" என்றான் தம்பி. "பெட்டி என்ன பெட்டி. நாத்தம் வந்தா எனக்குத் தெரியாதா? ஏறி வந்துட மாட்டேனா?"

பம்புக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"மாப்ள, நெட்டை இறங்கின அன்னிக்கு நாத்தமே இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். 'இன்னிக்கு என்னண்ணே குழி குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சிட்டே இறங்கினான். அந்த வாயு கொஞ்சமா இருந்தா முட்டை அழுகின நாத்தம் அடிக்கும். நிறைய இருந்தா மூக்கே செத்துப்போயிடும். அப்புறம் ரெண்டு மூச்சு. அவ்வளவுதான்."

"அப்ப நாத்தம் அடிச்சா நல்லதுங்கறீங்க."

"நாத்தம் அடிச்சா நீ இன்னும் உசிரோட இருக்கேன்னு அர்த்தம்."

மைத்துனன் சிரித்தான். அக்காள் சிரிக்கவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

குழுவின் முதற்கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை மேசையின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்பது முடிவு செய்யப்பட்டிருந்தது. இரண்டாம் கூட்டத்தில், அமைவிடம் என்ற சொல்லுக்கு இடம் என்பதே பொருள் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. பம்புக்காரர் அழைக்கப்பட்டது மூன்றாம் கூட்டத்திற்கு. அவர் துவைத்த சட்டை அணிந்து, கால்களைக் கதவருகே மும்முறை துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார். அவருக்குச் சன்னலை ஒட்டி ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. சன்னல் திறந்திருந்தது. மற்ற சன்னல்களெல்லாம் மூடியிருந்ததை அவர் பிறகு கவனித்தார்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். உயிர் முக்கியம். அதுல ரெண்டு கருத்துக்கே இடமில்ல. யாரோட உயிர்ங்கறதுலதான் நாம கொஞ்சம் நிதானமா யோசிக்கணும்."

அம்மையார் இதைக் குறித்துக்கொண்டு, "அருமையா சொன்னீங்க சார்" என்பதையும் குறித்துக்கொண்டார்.

பம்புக்காரர் எழுந்தார். "சார், சல்லடைக் குழியில ஒண்ணு வச்சிட்டா போதும் சார். ஏணி முடியற இடத்துல, தரையிலேர்ந்து ஒரு அடி மேல. அந்த வாயு கனம் சார், கீழதான் தங்கும்."

"உட்காருங்க," என்றார் அம்மையார். "நீங்க பேசறது நிகழ்ச்சி நிரல்ல பதினோராவது. இப்ப நாம ரெண்டாவதுல இருக்கோம்."

பம்புக்காரர் உட்கார்ந்தார். பாதுகாப்பு அதிகாரி அவரைப் பரிவோடு பார்த்தார். பாதுகாப்பில் மூன்று பட்டயங்கள் பெற்றவர் அவர். மூன்றும் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சட்டமிட்டுத் தொங்கின.

"அவர் சொல்றதுல ஒரு சாதாரண ஆளோட அனுபவம் இருக்கு. நான் இல்லங்கல. ஆனா அறிவியல்னு ஒண்ணு இருக்கே. அந்த நிகழ்வு குழியில நடந்தது. சரி. நடந்து முடிஞ்சிருச்சு. நடந்து முடிஞ்ச இடத்துல போய்க் கருவியை வைக்கிறது, ரயில் போன பிறகு கேட்டைச் சாத்தற மாதிரி. இனிமே நிகழ்வு நடக்கப்போற இடம் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை."

நெட்டையின் மரணம் வாரியத்தில் அந்த நிகழ்வு என்றே வழங்கப்பட்டது. செத்தான் என்று எழுதினால் யார், ஏன் என்ற கேள்விகள் எழும். நிகழ்வு என்று எழுதிவிட்டால் தேதி மட்டும் போதும்.

"நான் இன்னொரு கோணத்துல பாக்கறேன்," என்றார் தலைவர். "கீழ வேலை பாக்கறவருக்கு ஆபத்துன்னு வச்சிக்குங்க. என்ன செய்யணும்னு மேல இருக்கறவங்க உடனே கூடி முடிவெடுப்பாங்க. மேல இருக்கறவங்களுக்கே ஆபத்துன்னா? முடிவெடுக்க யாரு இருக்கா? வாரியமே அநாதையாயிடும். அதனால முடிவெடுக்கற இடங்களைத்தான் முதல்ல காப்பாத்தணும். எனக்காகச் சொல்லல. நான் இன்னிக்கு இருப்பேன், நாளைக்கு ஓய்வு பெற்றுடுவேன். இந்த நாற்காலி இருக்கு பாருங்க, அதுக்காகச் சொல்றேன்."

அனைவரும் அந்த நாற்காலியை மரியாதையோடு பார்த்தனர்.

பதினோராவது பொருள் வந்தபோது தேநீரும் வந்தது. பம்புக்காரர் எழுந்து, குழி, ஏணி, ஓர் அடி, கனமான வாயு ஆகியவற்றை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கோப்பைகள் தட்டில் படும் ஓசையில் பாதி மறைந்தது. மறுநாள் அவருக்கு நடவடிக்கைக் குறிப்பின் நகல் வந்தது. அதில், "கீழ்நிலைப் பிரதிநிதி குழுவின் பணிகள் குறித்து மகிழ்ச்சி தெரிவித்தார்" என்றிருந்தது.

அடுத்த கட்டம் கள ஆய்வு. எட்டுப் பெட்டிகளுள் ஒன்று வெளியே எடுக்கப்பட்டு, மின்கலம் பொருத்தப்பட்டு, பித்தளைத் தட்டில் வெல்வெட்டுத் துணி விரித்து அதன்மேல் அமர்த்தப்பட்டது. அலுவலக உதவியாளர் அதைக் கைக்குழந்தையைப் போல் ஏந்தி முன்னே நடந்தார். பின்னால் குழுவினர் வரிசையாகச் சென்றனர். எல்லாருக்கும் பின்னால் பம்புக்காரர் சென்றார். பாதுகாப்பு அதிகாரியின் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டே பத்திகள். ஒன்றில் இடத்தின் பெயர். மற்றொன்றில், கருவி ஒலித்ததா, ஆம் அல்லது இல்லை.

கருவியோடு வந்த கையேட்டில், தேவையற்ற ஒலி எழாதவாறு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நூற்றிருபது பக்கமுள்ள அந்தக் கையேட்டில் குழு படித்த வரி அது ஒன்றே. ஆகவே, ஒலிக்கும் இடங்கள் தகுதியற்றவை, ஒலிக்காத இடங்கள் தகுதியுடையவை என்று விதி வகுக்கப்பட்டது.

தலைவரின் அறையில் பெட்டி ஒலிக்கவில்லை. முன்னறையிலும் ஒலிக்கவில்லை. கூட்ட அறை, அதிகாரிகள் உணவறை, கோப்பறை, கார்க் கொட்டகை ஆகிய இடங்களிலும் அது வாய் திறக்கவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பாதுகாப்பு அதிகாரி "இல்லை" என்று எழுதித் தலையசைத்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் பொருந்திவந்த மனநிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

கடைசியாகக் குழி. குழிக்கு நாற்பதடி தொலைவிலேயே குழுவினர் கைக்குட்டைகளை மூக்கில் வைத்து நின்றுவிட்டனர். உதவியாளர் மட்டும் தட்டோடு அனுப்பப்பட்டார். அன்று குழியில் வாயு மிகுந்திருக்க வேண்டும்; அவர் அதன் வாயை நெருங்கியவுடன் பெட்டியின் நெற்றி சிவந்தது; அது அலறிய அலறலில் தட்டு நடுங்கியது.

"நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க," என்றார் அம்மையார்.

உதவியாளர் ஓடி வந்தார். பெட்டி அடங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "ஆறு இடத்துல எவ்வளவு அடக்கமா இருந்தது. இங்க வந்ததும் எப்படி கத்துது. இந்த இடம் கருவிக்கு ஒத்துக்கல."

பம்புக்காரருக்குத் தாம் ஏதோ கனவில் நிற்பதாகத் தோன்றிற்று. "சார், அது ஒழுங்கா வேலை செய்யுது சார். வாயு இருக்குன்னு சொல்லுது."

"குழியில வாயு இருக்குங்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"உங்களுக்கே தெரிஞ்ச விஷயத்தைச் சொல்றதுக்கு ஒரு வெளிநாட்டுக் கருவி எதுக்கு? உங்களுக்கு மூக்கு இருக்கு. எங்க அறைகள்ல நாத்தமே இல்ல. அங்க எங்க மூக்கால என்ன கண்டுபிடிக்க முடியும்? அங்கதான் கருவி வேணும்."

"நாத்தம் இல்லாதப்பதான் சார் இங்க பயம். நாத்தம் அடிச்சா கவலையில்ல."

தலைவர் கைக்குட்டையைச் சற்றே விலக்கினார். "நாத்தம் வந்தா புகார் பண்றீங்க. நாத்தம் வரலன்னா பயப்படறீங்க. ஒரு வாரியம் என்னதான் செய்யணும்னு நீங்க எதிர்பார்க்கறீங்க?"

"ஒரு பெட்டி சார். கீழ, ஒரு அடி உயரத்துல."

"ஒரு அடியா? நாளைக்கு நான் ஆய்வுக்கு வந்தா, அதைப் படிக்க இந்த வாரியத்தோட தலைவர் மண்டி போடணுமா?"

படிவத்தில் குழிக்கு நேரே "ஆம்" என்று எழுதப்பட்டு, அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழிக்கப்பட்டது.

பொருத்து விழா சிறப்பாக நடந்தது. ஆறு பெட்டிகள் ஒலிக்காத ஆறு இடங்களில், தலைவரின் கண்மட்டத்தில் பொருத்தப்பட்டன. ஏழாவதற்கு இடம் தேடிக் குழு மேலும் இரு கூட்டங்கள் கூடியது. இறுதியில், எட்டுப் பெட்டிகளும் இத்தனை மாதங்களாக உள்ளே இருந்தும் ஒருமுறையேனும் ஒலித்திராத இடம் ஒன்று இருப்பதை அம்மையார் நினைவூட்டினார். ஏழாவது பெட்டி இரும்பு அலமாரிக்கு உள்ளேயே திருகாணி கொண்டு பொருத்தப்பட்டு, அலமாரி மறுபடியும் பூட்டப்பட்டது. எட்டாவது, பார்வையாளர் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது. பேழைக்குள் ஒரு சிறு விளக்கு. வெளியே, "எமது அக்கறை" என்ற எழுத்து.

"குழிக்கு மட்டும் இல்லையா மாமா?" என்று கேட்டான் மைத்துனன்.

"கார்க் கொட்டகைக்கு இருக்கு. அலமாரிக்கு இருக்கு. குழிக்கு இல்ல."

"அலமாரிக்குள்ள யாரு மாமா இறங்கறா?"

அன்று வீட்டுக்குச் சென்றதும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வார விடுமுறையன்று அவர் கண்ணாடிப் பேழையின் முன் போய் நின்றார். அலுவலக உதவியாளர் அங்கே தூசி தட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் குழியருகே ஏந்திச் சென்று அதன் அலறலைக் காதோரத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"என்னண்ணே, ரொம்ப நேரமா பாக்கறீங்க?"

"சும்மாதான்."

உதவியாளர் சாவிக் கொத்தைப் பேழையின்மேல் வைத்தார். "நான் தண்ணி குடிக்கப் போறேன். குடிச்சிட்டு வர பத்து நிமிஷம் ஆகும். வயசாயிடுச்சு, மெதுவாத்தான் முழுங்க முடியுது."

பத்து நிமிடம் தேவைப்படவில்லை. பேழையில் பெட்டி இருந்த இடத்தில் பம்புக்காரர் தம்முடைய மஞ்சள் நிறச் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். பிறகு குழிக்குள் காற்று ஊதும் விசிறியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மைத்துனனை மேலே கயிற்றைப் பிடிக்கச் செய்து, தாமே குழியில் இறங்கினார். ஏணியின் காலடியில், ஓர் அடி உயரத்தில், சுவரில் துளையிட்டு நான்கு திருகாணிகளால் பெட்டியை இறுக்கினார். குழி விளக்கின் கம்பியிலிருந்தே அதற்கு மின்சாரம் கொடுத்தார்.

எட்டு நாள்கள் எவரும் எதையும் கவனிக்கவில்லை. அந்நாள்களில் மூன்று பார்வையாளர் குழுக்கள் வந்தன. மூன்றும் கண்ணாடிப் பேழையைச் சுற்றி நின்று சாப்பாட்டு டப்பாவைப் பாராட்டின. ஒருவர் அதன் மூடியைக் காட்டி, உணர்முனை இதுதானோ என்று கேட்டார். ஆமென்று பாதுகாப்பு அதிகாரி விளக்கினார்.

ஒன்பதாம் நாள் காலையில் மைத்துனன் கையுறை மாட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் நின்றான். வழக்கமாக அங்கே நின்றால் கண்ணில் நீர் வரும். அன்று வரவில்லை.

"இன்னிக்கு நாத்தமே இல்ல மாமா. நேத்து யாரும் சாப்பிடலயோ என்னவோ ஊருல," என்று சொல்லி முதற்படியில் கால் வைத்தான்.

பம்புக்காரர் வாயைத் திறப்பதற்குள் கீழே இருட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி அலறியது. குழிச் சுவர்களில் மோதி அந்த ஓசை நாலு பங்காகி வெளியே வந்தது. மைத்துனனின் கால் படியிலேயே நின்றது. பம்புக்காரர் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பற்றிப் பின்னால் இழுத்தார். இருவரும் புல்லில் மல்லாந்து விழுந்தனர்.

விசிறி ஒன்றரை மணி நேரம் ஓடியது. அதன்பின் மெல்ல, மிக மெல்ல, அழுகிய முட்டை நாற்றம் குழியிலிருந்து எழுந்து வந்தது. பம்புக்காரர் அதை நெஞ்சு நிறைய இழுத்தார். மைத்துனனும் இழுத்தான். சந்தன வாசனையைக்கூட இருவரும் அவ்வளவு ஆசையாக முகர்ந்ததில்லை.

"நெட்டைக்கும் இப்படித்தானா மாமா?"

"இப்படித்தான்."

மைத்துனன் கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்தான்.

அலறல் அலுவலகம் வரையிலும் கேட்டிருந்தது. பிற்பகலிலேயே விசாரணை கூடியது. சல்லடைக் குழிக்குப் பதினோரு மாதங்கள் கழித்து விழித்த வாரியம், காணாமற்போன பெட்டிக்கு நான்கே மணி நேரத்தில் விழித்துக்கொண்டது. மேசையின் நடுவில் சான்றுப் பொருளாகச் சாப்பாட்டு டப்பா வைக்கப்பட்டிருந்தது.

"கண்ணாடிப் பேழையில இருந்த கருவியை எடுத்தது நீங்கதானே?"

"ஆமா சார். அது இல்லன்னா இவன் இன்னிக்கு செத்திருப்பான்."

"அது உங்க ஊகம்," என்றார் தலைவர். "நிலையத்துல வாயு இருந்தா அங்கீகரிக்கப்பட்ட ஏழு கருவியும் சொல்லியிருக்குமே. ஏழும் சும்மா இருந்தது. ஏழு இல்லைங்குது, ஒண்ணு மட்டும் ஆமாங்குது. அந்த ஒண்ணும் திருட்டுத்தனமா வச்சது. பெரும்பான்மைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

பாதுகாப்பு அதிகாரி முன்னே சாய்ந்தார். "இந்தக் குழிக்குள்ளேர்ந்து பதினெட்டு மாசமா ஒரு ஒலியும் வந்ததில்ல. நீங்க பெட்டி வச்ச ஒன்பதாவது நாள் வருது. அப்ப பிரச்சினை எதனால வந்தது? குழியாலயா, பெட்டியாலயா?"

"நெட்டை செத்தானே சார்."

"அப்ப ஏதாவது கருவி ஒலிச்சதா?"

"அப்ப கருவியே இல்ல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று பாதுகாப்பு அதிகாரி வெற்றியோடு பின்னே சாய்ந்தார்.

பிறகு மைத்துனன் அழைக்கப்பட்டான். அம்மையார் அவனைக் கண்டிப்போடு நோக்கினார்.

"நீ குழியில இறங்கல. சரியா?"

"இறங்கலம்மா."

"இறங்கியிருந்தா வாயு இருந்ததா இல்லையான்னு சந்தேகமில்லாம தெரிஞ்சிருக்கும். இப்ப குழுவுக்கு ஆதாரமே இல்லாமப் போச்சு. இதுக்கு யாரு பொறுப்பு?"

"இறங்கியிருந்தா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் வந்திருக்க மாட்டேம்மா."

"பாத்தீங்களா சார்," என்று அம்மையார் தலைவரிடம் திரும்பினார். "ஒத்துழைப்பே இல்ல."

விசாரணையின் முடிவில் பம்புக்காரருக்குக் கண்டனக் கடிதம் வழங்கப்பட்டது. அதனோடு நிலையம் முழுமைக்கும் ஓர் ஆணை பிறந்தது. அதிகாரி நிலைக்குக் கீழ்ப்பட்ட எவரும் இனி எந்த வாயு உணர்கருவியையும் தொடுதல் கூடாது. பொருத்துதல், கழற்றுதல், துடைத்தல் ஆகிய யாவும் அதிகாரிகளாலேயே செய்யப்பட வேண்டும். மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர். இரண்டாம் பத்தி, குழியிலுள்ள கருவி மறுநாளே அகற்றப்பட்டுப் பேழைக்குத் திரும்ப வேண்டும் என்றது.

மறுநாள் குழுவினர் மூவரும் குழிக்கு வந்தனர். இம்முறை நாற்பதடி முப்பதடியாகக் குறைந்திருந்தது. உதவியாளர் ஒரு திருப்புளியைப் பித்தளைத் தட்டில் ஏந்தி வந்திருந்தார்.

"போய்க் கழட்டிட்டு வாங்க," என்றார் தலைவர்.

பம்புக்காரர் சட்டைப் பையிலிருந்து ஆணையை எடுத்து, பணிவோடு விரித்தார். "நாங்க தொட்டா வேலை போயிடும்னு போட்டிருக்கு சார். அதிகாரிங்கதான் கழட்டணுமாம். ஏணி இதோ இருக்கு. இருபத்திரண்டு படி. ஆறாவது படி கொஞ்சம் ஆடும், பாத்து வைங்க."

உதவியாளர் தட்டை அதிகாரிகளின் பக்கம் நீட்டினார்.

தலைவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி தமக்கு முழங்காலில் நீண்ட நாள் வலி இருப்பதைத் தெரிவித்தார். தம்முடையது நிர்வாகப் பிரிவு, இறங்குதல் தொழில்நுட்பப் பிரிவு என்று அம்மையார் சுட்டிக்காட்டினார். தலைமை என்பது மேலிருந்து வழிநடத்துவதாகையால் தாம் கீழே செல்வது முறையன்று என்று தலைவர் கருதினார். பெட்டி அப்போது ஒலிக்கவில்லை. குழி நன்றாக நாறிக்கொண்டிருந்தது. இறங்கினால் ஓர் ஆபத்தும் இல்லாத நேரம் அது. அதைப் பம்புக்காரர் எடுத்துச் சொன்னார்.

"நாத்தம் அடிக்குது சார், தைரியமா இறங்கலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"மாமா, நான் வேணா கையைப் பிடிச்சு இறக்கிவிடவா?" என்றான் மைத்துனன். "ஐயாவைத் தொடறதுக்கு ஆணையில தடையில்லயே."

குழு அலுவலகத்துக்குத் திரும்பிச் சென்று அவசரமாகக் கூடியது. ஆணையைத் திருத்தலாமே என்று உதவியாளர் தேநீர் வைக்கும்போது முணுமுணுத்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஆணையைத் திருத்தினால் வாரியத்தின் மதிப்பு என்னாவது என்று அவரிடம் கேட்கப்பட்டது. மாலையில் தீர்மானம் நிறைவேறியது. எட்டாவது கருவி, அதிகாரிகளால் அணுக இயலாத ஓரிடத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவதாலும், அணுக இயலாததைச் சரிபார்க்க இயலாதாதலாலும், சரிபார்க்க இயலாதது இருப்பதாகக் கொள்ள இயலாதாதலாலும், அது இல்லாததாக அறிவிக்கப்பட்டது. கருவிகளின் பட்டியலிலிருந்து அதன் எண் அடிக்கப்பட்டது. பேழைக்குள் சாப்பாட்டு டப்பாவே நிலையாக அமர்த்தப்பட்டது.

பம்புக்காரர் நகலைப் படித்துவிட்டு மைத்துனனிடம் கொடுத்தார். மைத்துனன் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"இல்லாதது பச்சை விளக்கு காட்டுது மாமா."

"காட்டட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாத. இருக்குன்னு தெரிஞ்சா எடுத்துடுவாங்க."

அடுத்த வாரம் கூட்ட அறையில் ஒரு சிறப்புக் கூட்டம் நடந்தது. ஏழு கருவிகளும் பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஒருமுறைகூட ஒலிக்காததால் நிலையம் முழுப் பாதுகாப்பு அடைந்துவிட்டது என்று தலைவர் அறிவித்துக்கொண்டிருந்தார். அந்நேரத்தில் மைத்துனன் ஏணியில் ஒன்பது படிகள் இறங்கியிருந்தான். பட்டியலில் எங்கும் இல்லாத அந்தப் பெட்டி அலறத் தொடங்கிற்று. ஒன்பது படிகளையும் அவன் எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது.

கூட்ட அறையில் எல்லோரும் நிமிர்ந்தனர்.

"என்ன சார் சத்தம்?" என்று கேட்டார் அம்மையார்.

"எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் தலைவர்.

பாதுகாப்பு அதிகாரி சுவரிலிருந்த மஞ்சள் பெட்டியை உற்றுப் பார்த்தார். அது வாய் மூடியிருந்தது. தமக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்றார். உதவியாளரை அழைத்துச் சன்னலை மூடச் சொன்னார்கள்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், கூட்டம் முழு அமைதியோடு நடைபெற்றது என்று எழுதப்பட்டது. குழி மேட்டில் பம்புக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் இருமிக்கொண்டிருந்தான். இருமி முடித்து, தண்ணீர் கேட்டு, குடித்தான். அது குறிப்பில் இல்லை.